பயோடேட்டாவில் ‘மகளிர்’ என்றால் மைனஸ் மார்க்கா? ஹெச்.ஆர். மேஜைக்கு வந்துவிட்ட ஏ.ஐ.!

நாமக்கல்லில் இருப்பது நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் அரசு மகளிர் கலைக் கல்லூரி. பக்கத்து சேலத்தில் அரசு மகளிர் கலைக் கல்லூரி. திருச்செங்கோடு அருகே எளையாம்பாளையத்தில் விவேகானந்தா மகளிர் கல்லூரி. இந்த வட்டாரத்தில், வீட்டிலிருந்து படிக்கக் கிளம்பும் முதல் தலைமுறைப் பெண்கள் பலருக்கும் கிடைக்கும் வாசல் மகளிர் கல்லூரிதான். ‘பொம்பளப் புள்ளைங்க மட்டும் படிக்கிற காலேஜ்னா அனுப்பலாம்’ என்று அப்பா தலையாட்டிய பிறகு பட்டம் வாங்கிய பெண்கள் எத்தனையோ பேர்.

படித்து முடித்ததும் அந்தப் பெண் பயோடேட்டா எழுதுகிறார். கல்லூரியின் பெயரை எழுதும்போது ‘மகளிர்’ என்ற சொல்லும் கூடவே வருகிறது. அந்த ஒரு சொல்லுக்காகவே மார்க் குறைகிறது என்றால் நம்புவீர்களா?

இப்படி ஒன்று உண்மையிலேயே நடந்திருக்கிறது. செய்தது மனிதர் அல்ல, கம்ப்யூட்டர்!

அமேசானில் நடந்தது என்ன?

2014-ம் ஆண்டு அமேசான் நிறுவனத்தில் ஒரு குழு புதிய சாஃப்ட்வேர் ஒன்றை உருவாக்க ஆரம்பித்தது. வேலை கேட்டு வரும் ரெஸ்யூம்களைப் படித்து, ஒன்று முதல் ஐந்து வரை ஸ்டார் கொடுக்க வேண்டும் என்பதே அதன் வேலை. ஆன்லைனில் பொருள் வாங்கும்போது நாம் ஸ்டார் பார்ப்போமே, அதேபோல. நூறு ரெஸ்யூம் கொடுத்தால் தேர்வு செய்ய வேண்டிய ஐந்தை அதுவே எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது கனவு.

இயந்திரத்துக்குப் பாடமாகக் கொடுக்கப்பட்டவை, முந்தைய பத்து ஆண்டுகளில் அந்த நிறுவனத்துக்கு வந்த ரெஸ்யூம்கள். தொழில்நுட்ப வேலைகளுக்கு விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். அதைப் பார்த்த இயந்திரம், ‘ஆண்களைத்தான் இவர்களுக்குப் பிடிக்கும்போல’ என்று தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. ‘மகளிர் செஸ் அணித் தலைவி’ என்பதுபோல, ‘மகளிர்’ என்ற சொல் வந்த ரெஸ்யூம்களுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தது. இரண்டு மகளிர் கல்லூரிகளில் படித்தவர்களையும் கீழே தள்ளியது.

2015-லேயே குறை தெரிந்தது. அந்தச் சொற்களுக்கு மட்டும் திருத்தம் செய்தார்கள். ஆனால், இயந்திரம் வேறு வழியில் பாகுபாடு காட்டாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கடைசியில் திட்டமே கைவிடப்பட்டது. 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் இதை வெளியே கொண்டுவந்தது. விண்ணப்பதாரர்களை மதிப்பிட தங்கள் ஹெச்.ஆர். ஆட்கள் இந்தக் கருவியைப் பயன்படுத்தவே இல்லை என்று அமேசான் விளக்கம் கொடுத்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் சாஃப்ட்வேருக்குப் பெண்கள் மேல் கோபமெல்லாம் கிடையாது. பழைய கணக்கைப் பார்த்துப் புதிய கணக்கைப் போட்டது, அவ்வளவுதான். அது போட்ட கணக்கை ஒரு மனிதர் சரிபார்த்ததால்தான் தவறு தெரிந்தது. அந்தச் சரிபார்க்கும் திறமைதான் இன்று ஒவ்வொரு ஹெச்.ஆர். மேஜைக்கும் தேவைப்படுகிறது.

நாமக்கல்லுக்கு இது எதற்கு?

‘அதெல்லாம் அமெரிக்காவில். இங்கே முட்டைக்கும் லாரிக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்கலாம்.

கோழிப்பண்ணையும் லாரி பாடி கட்டும் பட்டறையும் நாமக்கல்லின் அடையாளம். திருச்செங்கோடு என்றால் போர்வெல் ரிக் வண்டி. பள்ளிபாளையம், குமாரபாளையம் என்றால் விசைத்தறி. இவற்றோடு நூற்பாலைகள், தீவனத் தொழிற்சாலைகள், கல்வி நிறுவனங்கள், மருத்துவமனைகள். ஒவ்வொரு இடத்திலும் ஆள் எடுக்க, சம்பளம் போட, பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்ட ஒருவர் இருக்கிறார். மில்களில் அந்த அறைக்கு இன்றைக்கும் ‘டைம் ஆபீஸ்’ என்றுதான் பெயர். சென்னையில் பத்து பேர் பிரித்துச் செய்யும் வேலையை இங்கே பெரும்பாலும் ஒருவரே செய்வார். ஷிப்ட் போடுவது, ஓ.டி. கணக்கு, ஹாஸ்டல் பஞ்சாயத்து, கேன்டீன் புகார் எல்லாம் அவர் தலையில்தான்.

ஏ.ஐ. அவரிடம் தனியாகக் கதவைத் தட்டி வருவதில்லை. வேலைவாய்ப்பு இணையதளத்தில் ஆள் தேடினால், ‘உங்களுக்குப் பொருத்தமானவர்கள்’ என்று வரிசைப்படுத்தி வரும். வருகைப்பதிவுக்கு முகத்தைப் பார்க்கும் மெஷின் வரும். சம்பள சாஃப்ட்வேரின் அடுத்த அப்டேட்டில் புதிதாக ஒரு பட்டன் சேர்ந்திருக்கும். மொபைலில் சாட்ஜிபிடி ஏற்கெனவே இருக்கும். வாங்கியது முதலாளியாக இருக்கலாம், விற்றது சாஃப்ட்வேர் கம்பெனியாக இருக்கலாம். ‘எனக்கு ஏன் சார் இன்டர்வியூ வரலை?’ என்று கேட்டு வருபவருக்குப் பதில் சொல்ல வேண்டியது அந்த ஒற்றை மனிதர்தான். ‘சிஸ்டம் எடுக்கலைம்மா’ என்பது பதில் ஆகாது.

மனிதர் பார்த்தால் மட்டும் நியாயமா?

‘அப்படியென்றால் மெஷினே வேண்டாம், மனுஷனே பார்க்கட்டும்’ என்று முடித்துவிடவும் முடியாது.

சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தியாவில் ஓர் ஆய்வு செய்தார்கள். நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதி கொண்ட விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர். 2007-ல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி’யில் முடிவு வெளியானது. தகுதி ஒன்றாக இருந்தும், தலித், முஸ்லிம் பெயர்களுக்கு நேர்முகத் தேர்வு அழைப்பு வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது.

அந்த விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்த்தவர்கள் மனிதர்கள்தான். அப்படிப்பட்ட பழைய முடிவுகளைத்தான் இன்றைய இயந்திரங்கள் பாடமாகப் படிக்கின்றன. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடும் வழக்கம் பெரும்பாலும் ஒழிந்தது நமக்குப் பெருமை. ஆனால் ஊர், தெரு, பள்ளி, அப்பா பெயர் எல்லாம் விண்ணப்பத்தில் இருக்கின்றன. ‘சாதியைப் பார்க்காதே, பாலினத்தைப் பார்க்காதே’ என்று இயந்திரத்திடம் சொன்னாலும், பின்வாசல் வழியாக அது தெரிந்துகொள்ள முடியும். அமேசான் கருவிக்கு மகளிர் கல்லூரியின் பெயர்தான் அந்தப் பின்வாசல்.

கோடிங் கற்க வேண்டுமா?

எம்.பி.ஏ. அல்லது எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு வேலையில் இருப்பவர்களுக்கு வரும் முதல் பயமே இதுதான். தேவையில்லை! ஏ.ஐ.யை உருவாக்குவது வேறு, அது போட்ட கணக்கைச் சரிபார்ப்பது வேறு. லாரி ஓட்ட இன்ஜின் செய்யத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்கத் தெரிய வேண்டும். அப்படிப் பார்க்க ஐந்து பழக்கங்கள் போதும்.

1. தரவைச் சுத்தமாக வைப்பது

தமிழர்களின் இனிஷியல் ஒன்று போதும், எந்த சாஃப்ட்வேரையும் திணறவைக்க. ‘எஸ்.கவிதா’ என்பவர் ஆதாரில் ‘கவிதா செல்வராஜ்’, மார்க் ஷீட்டில் ‘கவிதா எஸ்’, திருமணத்துக்குப் பின் கணவர் பெயரோடு இன்னொன்று. மனிதருக்கு இவர் ஒரே கவிதா. கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். வெளிமாநிலத் தொழிலாளர்களின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்துக்கூட்டல் இடத்துக்கு இடம் மாறுகிறது. பி.எஃப். பணம் எடுக்கப் போகும்போது ஆதார் பெயரும் பி.எஃப். கணக்குப் பெயரும் ஒத்துப்போகாமல் அலைந்தவர்களுக்கு இந்த வலி தெரியும்.

குப்பையான பட்டியலை எந்த ஏ.ஐ.யிடம் கொடுத்தாலும் வரும் பதில் குப்பைதான். எக்செல்லில் ஒரே ஆள் இரண்டு முறை வந்திருக்கிறாரா என்று கண்டுபிடிப்பது, தேதிகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது, காலியான கட்டங்களைத் தேடுவது... இவைதான் முதல் பாடம். கேட்க சாதாரணமாக இருக்கும். ஆனால் அஸ்திவாரமே இதுதான்.

2. ஐந்தில் நான்கு என்ற கணக்கு

ஒரு தேர்வு முறை ஒரு பிரிவினரைத் தள்ளிவிடுகிறதா என்று பார்க்க, அமெரிக்காவில் 1978 முதல் ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. ஒரு உதாரணம் பார்ப்போம்.

100 ஆண்கள் விண்ணப்பித்து 40 பேர் அடுத்த சுற்றுக்குப் போகிறார்கள். விகிதம் 40 சதவிகிதம். 50 பெண்கள் விண்ணப்பித்து 12 பேர் போகிறார்கள். விகிதம் 24 சதவிகிதம். இப்போது 24-ஐ 40-ஆல் வகுத்தால் 0.6, அதாவது 60 சதவிகிதம். இது ஐந்தில் நான்கு பங்கை, அதாவது 80 சதவிகிதத்தைத் தொடவில்லை என்றால் நின்று பார்க்க வேண்டும்.

80-க்குக் கீழே போனால் உடனே குற்றம் என்று அர்த்தம் இல்லை. நியாயமான காரணமும் இருக்கலாம். ஆனால் காரணத்தைத் தேட வேண்டும். எட்டாம் வகுப்புக் கணக்கு இது. மாதம் ஒருமுறை போட்டுப் பார்க்க ஒரு டீ குடிக்கும் நேரம் போதும்.

3. இரட்டை பயோடேட்டா சோதனை

ஐ-டியூட்டர் குரூப் என்ற ஆன்லைன் டியூஷன் நிறுவனம், 55 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களையும் 60 வயதும் அதற்கு மேலும் ஆன ஆண்களையும் தானாகவே நிராகரிக்கும்படி சாஃப்ட்வேரை அமைத்திருந்தது என்று அமெரிக்க அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம் வழக்குப் போட்டது. இது எப்படி வெளியே வந்தது தெரியுமா? நிராகரிக்கப்பட்ட ஒருவர், அதே விண்ணப்பத்தைப் பிறந்த தேதியை மட்டும் மாற்றி, வயதைக் குறைத்து மீண்டும் அனுப்பினார். இன்டர்வியூ அழைப்பு வந்துவிட்டது! 2023-ல் 3,65,000 டாலர் கொடுத்து அந்த நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.

இதே சோதனையை ஹெச்.ஆர். தானே செய்யலாம். கற்பனையாக ஒரு பயோடேட்டா தயாரித்து, ஒரு வரியை மட்டும் மாற்றி இரண்டு முறை சாஃப்ட்வேருக்குக் கொடுக்க வேண்டும். ஒன்றில் மகளிர் கல்லூரி, இன்னொன்றில் இருபாலர் கல்லூரி. ஒன்றில் நகரம், இன்னொன்றில் கிராமம். ஒன்றில் தொடர்ந்து வேலை, இன்னொன்றில் குழந்தைப்பேறுக்காக இரண்டு வருட இடைவெளி. மதிப்பெண் மாறினால், விற்ற கம்பெனிக்கு போன் போட்டு ‘ஏன்?’ என்று கேட்கலாம். இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை.

4. பதிலை அப்படியே நம்பாமல் இருப்பது

சாட்பாட் தவறான பதிலையும் தயங்காமல் சொல்லும். 2019 ஜூலை 1 முதல் இ.எஸ்.ஐ. சந்தா, தொழிலாளி பங்கு 0.75 சதவிகிதம், நிர்வாகத்தின் பங்கு 3.25 சதவிகிதம். அதற்கு முன் 1.75, 4.75 என்று இருந்தது. இணையத்தில் பழைய கட்டுரைகளும் குவிந்து கிடக்கின்றன. ஏ.ஐ. அதிலிருந்து பழைய விகிதத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? 16,000 ரூபாய் சம்பளத்தில் 120 ரூபாய் பிடிக்க வேண்டிய இடத்தில் 280 ரூபாய் பிடிப்பார்கள். 300 பேர் வேலை செய்யும் இடத்தில் மாதம் 48,000 ரூபாய் தொழிலாளர் பையிலிருந்து கூடுதலாகப் போகும்.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் சேர்ந்த ஊழியருக்கு ஓர் ஆண்டு வேலை செய்தாலே கிராஜுவிட்டி உரிமை உண்டு என்பது அதில் ஒரு முக்கிய மாற்றம். அதற்கு முன்னால் பாடம் படித்த இயந்திரம், ‘எல்லோருக்கும் ஐந்து ஆண்டு’ என்று பழைய பாட்டையே பாடலாம். சட்டம், சம்பளம் சம்பந்தப்பட்ட எந்தப் பதிலையும் அரசின் அதிகாரபூர்வ இணையதளத்தில் ஒப்பிட்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

5. எதைக் கொடுக்கக் கூடாது என்று தெரிவது

‘இந்தச் சம்பள ஷீட்டைச் சரிபண்ணிக் கொடு’ என்று 300 பேரின் பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கும் ஃபைலை இலவச சாட்பாட்டில் ஏற்றிவிடுவது எளிது. பிறகு திரும்பப் பெறுவதுதான் கடினம். மத்திய அரசின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். பெயருக்குப் பதில் வெறும் வரிசை எண் போட்டு, ஆதார், வங்கி விவரங்களை நீக்கிவிட்டுக் கேட்டாலும் அதே உதவி கிடைக்கும். இந்தச் சின்னப் பழக்கம் பெரிய ஆபத்தைத் தவிர்க்கும்.

பொறுப்பு யாருக்கு?

அமெரிக்காவில் டெரெக் மோப்லி என்பவர், நூற்றுக்கும் மேற்பட்ட வேலைகளுக்கு விண்ணப்பித்தும் நிராகரிக்கப்பட்டதாகச் சொல்லி, ‘வொர்க்டே’ என்ற ஹெச்.ஆர். சாஃப்ட்வேர் நிறுவனத்தின் மேல் 2023-ல் வழக்குப் போட்டார். நிறம், வயது, உடல்நிலை அடிப்படையில் அதன் தேர்வு முறை பாகுபாடு காட்டுகிறது என்பது அவர் புகார். நிறுவனம் அதை மறுக்கிறது. 40 வயதைத் தாண்டிய மற்ற விண்ணப்பதாரர்களும் வயது தொடர்பான புகாரில் சேரலாம் என்று 2025 மே மாதத்தில் நீதிமன்றம் வழிவிட்டது. நியூயார்க் நகரில் 2023 ஜூலை முதல், ஆள் எடுக்கும் தானியங்கிக் கருவிகளுக்குப் பாகுபாடு தணிக்கை கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏ.ஐ. சட்டம், ஆள் எடுக்கும் ஏ.ஐ.யை ‘அதிக ஆபத்துள்ள’ பட்டியலில் வைத்திருக்கிறது.

இந்தியாவில் ஆள் எடுக்கும் ஏ.ஐ.க்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆனால், ஆள் எடுப்பதில் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976-ன் சம ஊதியச் சட்டமே சொன்னது. இப்போது ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. ‘கம்ப்யூட்டர் செய்தால் பரவாயில்லை’ என்று அதில் எங்கும் எழுதவில்லை.

ஹெச்.ஆர். வேலையே போய்விடுமா?

இந்தப் பயம் பொய்யில்லை. சில நூறு ஹெச்.ஆர். ஊழியர்கள் செய்த வேலையை ஏ.ஐ. செய்கிறது என்று ஐ.பி.எம். தலைவர் அரவிந்த் கிருஷ்ணா 2025-ல் சொன்னார். லீவு எத்தனை பாக்கி, சம்பளச் சான்றிதழ் வேண்டும் என்பதுபோன்ற கேள்விகளுக்கு இனி ஆள் தேவைப்படாது.

ஆனால் இந்தத் தொழில் மாறுவது இது முதல் முறையல்ல. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் தொழிலாளர் நல அலுவலர் வேண்டும் என்றது. 1952-ல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் போன்ற இடங்களில் படித்தவர்கள் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பிறகு ‘பர்சனல் டிபார்ட்மென்ட்’ ஆனது, பிறகு ‘ஹெச்.ஆர்.’ ஆனது. மஸ்டர் ரோல் நோட்டு போய் பஞ்சிங் கார்டு வந்தது, அதுவும் போய் விரல் ரேகை வந்தது. 2014-ல் பி.எஃப்.க்கு யூ.ஏ.என். எண் வந்தபோது, நோட்டில் கணக்கு எழுதிப் பழகிய டைம் ஆபீஸ்காரர்கள்தான் ஆன்லைனுக்கு மாறினார்கள். பயந்தார்கள், திட்டினார்கள், கற்றுக்கொண்டார்கள்.

அந்த முதல் பெயரில் இருந்த ‘தொழிலாளர் நலம்’ என்ற சொல்தான் இப்போது மறுபடி முன்னால் வந்து நிற்கிறது. கணக்குப் போடும் வேலையை மெஷின் எடுத்துக்கொண்டால், அந்தக் கணக்கு நியாயமானதா என்று பார்க்கும் வேலை மனிதரிடம் மிச்சம் இருக்கும். அதற்குத் தெரிந்தவர் வேண்டும்.

எங்கே கற்பது?

மத்திய அரசின் ஸ்வயம், ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். தளங்களில் ஹெச்.ஆர். புள்ளிவிவரப் பகுப்பாய்வு, அடிப்படைப் புள்ளியியல், ஏ.ஐ. அறிமுகம் போன்ற பாடங்கள் கிடைக்கின்றன. பாடம் பார்க்கக் கட்டணம் இல்லை. தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் பணம். ஹெல்சிங்கி பல்கலைக்கழகம் 2018-ல் தொடங்கிய ‘எலமென்ட்ஸ் ஆஃப் ஏ.ஐ.’ என்ற ஆன்லைன் பாடமும் இலவசம், கோடிங் தெரியாதவர்களுக்கானது. கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு, தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் இருக்கிறது.

வரிசை முக்கியம். முதலில் எக்செல். அடுத்து சராசரி, சதவிகிதம், விகிதம். அதற்குப் பிறகு ஏ.ஐ. எப்படிப் பாடம் படிக்கிறது என்ற அறிமுகம். தினம் அரை மணி நேரம் ஒதுக்கினால், வேலையை விடாமலேயே சில மாதங்களில் கைவந்துவிடும். நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை: சாஃப்ட்வேருக்கு லட்சக்கணக்கில் செலவு செய்யும்போது, அதைக் கையாளும் ஒருவருக்குப் பயிற்சிக்கென்று நேரத்தையும் ஒதுக்குங்கள். மெஷின் வாங்கிவிட்டு ஆபரேட்டருக்குப் பயிற்சி கொடுக்காத மில் எங்காவது ஓடியிருக்கிறதா?

அந்தப் பெண்ணுக்கு...

மீண்டும் அந்த மகளிர் கல்லூரிப் பெண்ணிடம் வருவோம். ‘அப்ப நான் காலேஜ் பேர்ல இருந்து மகளிரை எடுத்துடட்டுமா?’ என்று அவர் கேட்கக் கூடும். வேண்டாம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு குடும்பம் எடுத்த முடிவும், அவர் தினமும் பஸ் பிடித்துப் படித்த மூன்று வருடமும் இருக்கின்றன. மாற வேண்டியது அவருடைய பயோடேட்டா அல்ல.

வேலை கேட்டு வரும் அவர், ‘என்னை ஏன் எடுக்கலை?’ என்று கேட்டால், மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஸ்க்ரீனைக் காட்டாமல் காரணத்தைச் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாவிட்டால், ‘இரும்மா, நான் பார்த்துட்டுச் சொல்றேன்’ என்று எழுந்து போய்ப் பார்க்கத் தெரிய வேண்டும்.

ஹெச்.ஆர். வேலையில் இருக்கும் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், இன்றைக்குச் சாப்பிட உட்காரும்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: ‘உங்க ஆபீஸ்ல கடைசியா எத்தனை பேரை கம்ப்யூட்டர் வேண்டாம்னு சொல்லுச்சு? அதுல ஒரு பயோடேட்டாவையாவது நீங்க திறந்து பாத்தீங்களா?’